முன்னாள் அதிபரின் கடித அறை

முன்னாள் அதிபர் ஹேஸ்கினுக்குப் பேச்சு போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஆனாலும் அவர் பெயரில் தினமும் கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

பழைய நண்பர்களுக்கு, போரில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, கட்சிக்காரர்களுக்கு, செனட்டர்களுக்கு. எல்லாம் அவருடைய நடையில், அவருடைய கிண்டலோடு, அவருடைய கையெழுத்தோடு. வரும் பதில்களை மகள் ரூத் காலையில் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். "உங்க கடிதத்தைப் படிச்சு அழுதுட்டாராம், அப்பா," என்பாள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

பெல்சியா அந்த வீட்டுக்கு நர்ஸாக வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. குலசேகரத்துக்காரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை, பிறகு சவூதி, பிறகு இங்கே மிச்சிகன் ஏரியைப் பார்த்து நிற்கும் இந்தப் பெரிய வீடு. கணவனும் பெண்குழந்தையும் ஊரில். அந்த வீட்டில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் மாதேஷ். மேட்டூர்க்காரன். வீட்டின் பின்னால் படகு நிறுத்தும் கொட்டகையாக இருந்ததைக் கடித அறையாக மாற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"அவருக்கு ஒரு விரலு அசையாது. பின்ன ஆரு அண்ணே எழுதுறது?" என்று சமையலறையில் வைத்து ஒருநாள் கேட்டாள்.

"மெஷின் எழுதுது சிஸ்டர். சின்னப் பையனா இருந்தப்ப அம்மாவுக்கு எழுதுனதுல இருந்து, அதிபரா இருந்தப்ப வெளிநாட்டுத் தலைவருங்களுக்கு ரகசியமா எழுதுனது வரைக்கும், ஒண்ணு விடாம அதுக்குப் படிக்கக் குடுத்தாங்க. அவரு இருந்தா என்ன பதில் போடுவாரோ அதை அது போடும்."

"இருந்தாலா? அவரு இருக்காருல்லா?"

மாதேஷ் டீயை ஆற்றியபடி சிரித்தான். "இருக்காரு. ஆனா சொத்து விஷயமா அவரு தம்பி கேஸ் போட்டப்ப, இவரோட விருப்பம் என்னன்னு கோர்ட்டு கேட்டுச்சு. டாக்டருங்க, இவருக்குப் புரியற சக்தியே போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் மெஷின் சொன்னதை ஏத்துக்கிட்டாங்க. அன்னையில இருந்து சட்டப்படி அவரு விருப்பம்னா இதோட விருப்பம்தான். அவரு பேருல யாராவது போலியா ஏதாவது கொண்டுவந்தா, அதையும் இதுதான் கண்டுபிடிக்கும். நூத்துக்கு மார்க் போடும். எழுபதுக்கு மேல வந்தா அவரு சொன்னது. கீழ வந்தா போலி. கொண்டுவந்தவன் ஜெயிலுக்குப் போவான்."

"நல்லதுதானே," என்றாள் பெல்சியா. அப்போது அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

ரூத் கடிதங்களை வாசிக்கும் நேரத்திலெல்லாம் கிழவரின் நாடித்துடிப்பு ஏறியது. பாசத்தால் வரும் படபடப்பு என்றார் வாரம் ஒருமுறை வரும் டாக்டர். பெல்சியாவும் நம்பினாள். ஆனால் ஒருநாள் திரைச்சீலையை விலக்கிவிட்டுத் திரும்பியபோது அவருடைய கண்களைப் பார்த்துவிட்டாள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பத்து வருடம் நின்றவள் அவள். வலியில் இருக்கும் கண் எப்படி இருக்கும், மயக்கத்தில் இருக்கும் கண் எப்படி இருக்கும் என்று தெரியும். இது இரண்டும் இல்லை. பயந்த மனிதனின் கண்.

ரூத் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டுக் குனிந்தாள். "ஐயா, நான் சொல்வது கேட்கிறதா? கேட்டால் கண்ணை மூடுங்கள்."

அவர் கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது ஓரத்தில் ஈரம் வழிந்தது.

ஓடிப்போய் ரூத்தைக் கூப்பிடத்தான் முதலில் கதவுவரை போனாள். பிறகு, இன்னும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம் என்று திரும்பி வந்தாள். கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆங்கில எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூடுவார். பேச முடியாதவர்களிடம் எல்லா மருத்துவமனையிலும் செய்வதுதான். இவரிடம் ஏன் யாரும் செய்யவில்லை என்று யோசித்தபோது பதில் எளிதாகக் கிடைத்தது. இவர்தான் தினமும் பேசிக்கொண்டிருந்தாரே. அந்தக் கொட்டகையிலிருந்து.

அவர் சொன்ன முதல் வாக்கியத்தைச் சேர்த்து எடுக்க வெகுநேரம் பிடித்தது. 'அது நான் இல்லை.'

பெல்சியா ரூத்தைக் கூப்பிடவில்லை. அட்டையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். போலி கொண்டுவந்தவன் ஜெயிலுக்குப் போவான் என்று மாதேஷ் சொன்னது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ரூத் வெளியே போகும் நேரங்களில் மட்டும் அட்டை வெளியே வந்தது. கிழவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். வீட்டைப் பற்றி இல்லை, மகளைப் பற்றி இல்லை. மரேனாவைப் பற்றி.

மரேனா தென்கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. ஹேஸ்கின் அதிபராக இருந்தபோது அதைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்தி உணவும் மருந்தும் உள்ளே போகாமல் தடுத்தவர். அவருடைய பேரும் புகழும் அதில் வந்ததுதான். இப்போதைய அரசும் மறுபடி அதையே செய்யப்போகிறது. தொலைக்காட்சியில் எந்நேரமும் அதுதான் பேச்சு. செனட்டில் ஓட்டெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் ஏறக்குறையச் சமம். கடித அறையிலிருந்து செனட்டர்களுக்குக் கடிதங்கள் பறந்தன: தயங்காதீர்கள், கப்பல்களை அனுப்புங்கள்.

'மருந்தில்லாமல் குழந்தைகள் செத்தன,' என்று கிழவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். 'அறிக்கை வந்தது. படித்தேன். தொடரச் சொன்னேன்.'

பெல்சியா அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'தப்பு. இங்கே படுத்த பிறகுதான் தெரிந்தது. யாருக்கும் எழுதவில்லை. கை போய்விட்டது.' கண்ணைச் சிறிது நேரம் ஓய விட்டார். 'டோபினிடம் சொல்.'

டோபின் அவருடைய சீடர்போல வளர்ந்த செனட்டர். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் இன்னும் நாலு பேர் சாய்வார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

பெல்சியாவுக்கு மாதேஷிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டு முடித்ததும் அவன் சமையலறைக் கதவைச் சாத்தினான்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. எனக்குப் பயமா கெடக்கு அண்ணே. நெஞ்சு இடிக்குது. ஆனா அவரு பாக்காரு. என்னையே பாக்காரு. நான் என்ன செய்ய?"

மாதேஷ் மெஷினோடு இணைந்த தன் கைக்கணினியை எடுத்து, கிழவர் சொன்னதை அப்படியே தட்டினான். 'அன்று நான் செய்தது தவறு. மரேனாவுக்குக் கப்பல்களை அனுப்ப வேண்டாம்.' திரையில் மார்க் வந்தது. பதினொன்று.

"ஆனா இது அவரு சொன்னதுல்லா," என்றாள்.

"அதுக்கு அது தெரியாதுங்க சிஸ்டர். அவரு வாழ்க்கை பூரா எழுதுனதுல, 'நான் செய்தது தவறு'ன்னு ஒரு எடத்துல கூட இல்ல. தம்பிக்கு எழுதல, பொண்டாட்டிக்கு எழுதல, யாருக்கும் எழுதல. அதனால இதைச் சொல்ற ஆளு ஹேஸ்கின் இல்ல. அவ்வளவுதான் அதோட கணக்கு."

"மனுசன் மாற மாட்டானா?"

"மாறுவான். மாறுனதை எழுதி வெச்சிருக்கணும்."

மறுநாள் மதியம் ரூத் நகரத்துக்குப் போனதும் மாதேஷ் கைக்கணினியோடு நோயாளியின் அறைக்கு வந்தான். கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவருடைய பேச்சில் கொஞ்சம் பழைய நடையைச் சேர்த்தால் மார்க் ஏறலாம், எழுபதைத் தாண்டிவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்றான். கிழவர் கண்ணை மூடிச் சம்மதம் சொன்னார்.

'தவறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'அன்று எடுத்தது கடினமான முடிவு' என்று வைத்தார்கள். இருபத்தாறு. அவருக்குப் பிடித்த படகு உவமை ஒன்றைச் சேர்த்தார்கள். முப்பத்தெட்டு. 'கடினமான முடிவுகளிலிருந்து நான் பின்வாங்கியதில்லை' என்று கிழவரே எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவருடைய பழைய கடிதங்களில் அடிக்கடி வருகிற வரி அது. ஐம்பத்தைந்து. மாதேஷுக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'அனுப்ப வேண்டாம்' என்பதை 'யோசித்துச் செய்யுங்கள்' என்று மாற்றினான். அறுபத்து மூன்று. 'யோசித்தபின் உறுதியாகச் செய்யுங்கள்.' எழுபத்து நாலு.

"வந்துடுச்சு," என்றான்.

பெல்சியா முழுக்கடிதத்தையும் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்தபோது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. கப்பல்களை அனுப்பச் சொல்லும் கடிதமாக அது மாறியிருந்தது. எந்த இடத்தில் மாறியது என்று மாதேஷ் திரும்பத் திரும்பப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை.

கிழவர் கண்ணைத் திறக்கவேயில்லை. நாடித்துடிப்புக் கருவி மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே செனட்டர் டோபின் பார்க்க வந்தார். ஆறடி உயரத்தில், கையில் தொப்பியோடு, சாவு வீட்டுக்கு வந்தவர்போல வாசலில் நின்றார். ரூத் அவரை உட்கார வைத்துவிட்டு, அவசரத் தொலைபேசி ஒன்று வந்து எழுந்து போனாள்.

பெல்சியா கதவைப் பார்த்தாள். இன்னொரு தடவை இப்படி வாய்ப்புக் கிடைக்காது என்று தெரிந்தது. கிடைக்காமல் போனால் நல்லது என்றும் தோன்றியது. ஊரில் குழந்தை இருக்கிறது, விசா இருக்கிறது, இது யாருடைய நாடு, யாருடைய போர். கிழவர் அவளைப் பார்த்தார். அவள் மெத்தைக்கு அடியில் கையை விட்டு அட்டையை எடுத்தாள்.

"சார், இவர் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். நீங்களே பாருங்கள்."

அவள் வரிசையைச் சொன்னாள், எழுத்தைச் சொன்னாள், கிழவர் கண்ணை மூடினார். டோபின் சொற்களைத் தன் உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டே வந்தார். 'அனுப்பாதே' என்பது முடிந்தபோது அவர் தொப்பியைத் தரையில் விட்டுவிட்டு, கிழவரின் செத்த கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டேன்," என்றார். "கேட்டுட்டேன், தலைவரே."

அன்று பெல்சியாவுக்கு இரண்டு வாய் சோறு இறங்கியது.

மறுநாள் காலையில் மாதேஷ் வெளுத்த முகத்தோடு வந்து அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான்.

"டோபின் கடிதம் எழுதியிருக்காரு."

"ஆருக்கு?"

"இவருக்குத்தான். முப்பது வருசப் பழக்கம் சிஸ்டர். எந்த முடிவு எடுத்தாலும் அவருக்கு எழுதிக் கேட்டுத்தான் எடுப்பாரு. 'நேத்து உங்க கண்ணைப் பாத்தேன், நீங்க சொன்னது உண்மைதானா'ன்னு கேட்டு எழுதியிருக்காரு. கடித அறைக்கு வந்துச்சு. பதிலும் போயிடுச்சு. நான் பாக்கறதுக்குள்ள."

"என்ன பதில்?"

மாதேஷ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "'அவள் நல்ல பெண். நோயாளியோடு தனியாகவே இருப்பவர்களுக்குச் சில சமயம் இல்லாத குரல் கேட்கும். எழுத்துகளைச் சொன்னது அவள், நிறுத்தியதும் அவள். நீ பார்த்தது ஒரு கிழவன் கண் சிமிட்டியதை மட்டும்தான்.' அப்புறம் ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போன கதை ஒண்ணு. அதைப் படிச்சா எனக்கே அவரு பேசற மாதிரி இருக்கு."

"அப்பிடி எழுதச் சொல்லி ரூத் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அது பொய் சொல்றதா நெனைக்கல. அதுதான் அவருன்னு அது நெனைக்குது."

டோபின் அந்தப் பதிலை ரூத்துக்கு அனுப்பிவிட்டார். மதியம் லிண்ட் என்ற விசாரணை அதிகாரி வந்தார். மென்மையாகப் பேசும் மனிதர். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மாதேஷையும் கைக்கணினியோடு வரச்சொல்லியிருந்தார்கள். ரூத் ஒரு மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெல்சியாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நான்தான் அட்டையைப் பிடிக்கப் போகிறேன்," என்றார் லிண்ட். "நீங்கள் அவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் மெஷினில் போட்டுப் பார்ப்போம். அவ்வளவுதான்."

பெல்சியா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். மனதுக்குள் செபம் சொல்ல முயன்றாள். வார்த்தைகள் வரிசை மாறி வந்தன.

லிண்ட் கேட்டார்: "ஐயா, இந்தப் பெண் உங்கள் பெயரில் சொன்னதெல்லாம் நீங்கள் சொன்னதா? முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்."

கிழவர் சொன்னார். லிண்டின் தடித்த விரல் வரிசைகளில் மெதுவாக நகர்ந்தது. 'அவள் சொன்னது ஒவ்வொன்றும் நான் சொன்னது. நான் மாறிவிட்டேன்.'

ரூத் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கணம் அவள் அப்பாவைத்தான் பார்த்தாள் என்று பெல்சியாவுக்குத் தோன்றியது. நிஜமாகவே அடையாளம் கண்டுகொண்டதுபோல ஒரு அடி முன்னால் வைத்தாள்.

மாதேஷ் கைக்கணினியைப் பார்த்தான். "ஒன்பது," என்றான். லிண்டுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ரூத் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

லிண்ட் பெருமூச்சு விட்டார். "அம்மா, இவர் கண் சிமிட்டுவது உண்மைதான். ஆனால் சிமிட்டுவது ஹேஸ்கின் இல்லை. நோயில் குழம்பிய மூளைக்குள் யாரோ சில சொற்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். முன்னாள் அதிபரின் வாக்கைப் போலியாக உருவாக்குவது சின்னக் குற்றம் இல்லை. ஓட்டெடுப்பை மாற்றும் நோக்கம் வேறு. நீங்கள் என்னோடு வர வேண்டும். தண்டனை முடிந்த பிறகுதான் ஊருக்கு அனுப்புவார்கள். அதற்குள் உங்கள் பெண் பெரியவளாகிவிடுவாள் என்று நினைக்கிறேன்."

பெல்சியாவுக்குக் கேட்டது. ஆனால் யாருக்கோ சொல்வதுபோலக் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் சிறுநீர் பிரிந்துவிட்டதை உணர்ந்தாள்.

அப்போது நாடித்துடிப்புக் கருவி கத்த ஆரம்பித்தது. கிழவர் கண்களை மூடித் திறந்து, மூடித் திறந்து, விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஏதோ சொல்லணுமாம்," என்றான் மாதேஷ்.

லிண்ட் அட்டையை எடுத்தார். இந்த முறை கிழவர் நீளமாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை களைத்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஏரியில் வெயில் சாய்ந்தது. ரூத் சொற்களை எழுதிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் சத்தமாக வாசித்தாள்.

'என்னைப் பார்த்துக்கொள்ள நல்ல பெண்ணைத்தான் வைத்திருக்கிறீர்கள். களைத்துப்போன ஒரு கிழவனின் கண்ணை அவள் தப்பாகப் படித்துவிட்டாள். இதைவிடப் பெரிய தப்புகளைச் செய்தவர்களை நான் அமைச்சராக்கியிருக்கிறேன். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். கடினமான முடிவுகளிலிருந்து நான் பின்வாங்கியதில்லை, இன்றும் இல்லை. டோபினிடம் சொல்லுங்கள், கப்பல்களை அனுப்பட்டும்.'

மாதேஷ் அதைத் தட்டினான். தட்டிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்தான்.

"எவ்வளவு?" என்றார் லிண்ட்.

"தொண்ணூற்று ஆறு."

ரூத் ஓடிப்போய் அப்பாவின் நெஞ்சில் விழுந்து அழுதாள். "வந்துட்டீங்க," என்றாள். "திரும்பி வந்துட்டீங்க, அப்பா." அவளுடைய தோளுக்கு மேலாகக் கிழவரின் கண்கள் கதவைத் தேடின. பெல்சியா அங்கே நின்றிருந்தாள். அவருக்கு இப்போது பயம் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

லிண்ட் அவளுடைய தோளைத் தட்டினார். "தப்பாகப் படித்துவிட்டீர்கள். நடப்பதுதான். இனி இப்படி எதுவும் முயற்சி செய்யாதீர்கள்."

மறுநாள் காலையிலேயே பெல்சியாவைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். கடைசியாக ஒருமுறை அறைக்குள் போகவிட்டார்கள். ரூத்தும் கூடவே இருந்தாள். பெல்சியா கிழவரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். தலையணையை நேராக்கினாள். நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னால் அதிகாரிக்குப் போய்ச் சேருமோ என்று பயந்து, "நல்லா இருங்கய்யா" என்று தமிழில் சொன்னாள். அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

பேருந்து நிலையத்துக்கு மாதேஷ்தான் காரில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது சொன்னான்.

"நேத்து அவரு சொன்னதை மெஷினுக்குப் படிக்கக் குடுத்துட்டாங்க. இனிமே அதுவும் அவரு எழுதுனதுல ஒண்ணு. காலையில டோபினுக்குப் போன கடிதத்துல, 'என் கண்ணாலேயே சொன்னேனே'ன்னு எழுதியிருக்கு. ஓட்டெடுப்பு இந்நேரம் ஆரம்பிச்சிருக்கும். கப்பல் அனுப்பற பக்கம் ஜெயிச்சுடும்."

"நீங்க இங்கேயேதான் இருப்பீங்களா?"

"எங்க போனாலும் இந்த மெஷின் வரும் சிஸ்டர். பேச்சில்லாத நோயாளிங்களுக்குன்னு ஆஸ்பத்திரிங்க கேக்குது. வயசானவங்க கையெழுத்துக்குன்னு பேங்குங்க கேக்குது. சாதாரண ஆளுங்களுக்குக் கடிதம் கூட வேண்டாமாம். போன்ல பேசுனதும் அனுப்புனதும் இருந்தா போதுமாம்." அவன் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டான். "பாத்துப் போங்க."

பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெல்சியா வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குக் கூப்பிட்டாள். குலசேகரத்தில் அப்போது சாயங்காலம் முடிந்து இருட்டியிருக்கும். கணவன் ரெஜின் எடுத்தான்.

"என்ன பெல்சி, இந்த நேரத்துல?"

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஏங்க," என்றாள். "ஒரு மனுசன் சாவப்போற நேரத்துல மனசு மாறுனா, அதை ஆரும் நம்ப மாட்டேங்காங்க. நாளைக்கு எனக்கும் அப்பிடி ஆச்சுன்னா நீங்க என்னை நம்புவீங்களா? நான் இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொன்னா, அது நான்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"என்ன ஆச்சு ஒனக்கு?" என்றான் ரெஜின். குரலில் சந்தேகம் இருந்தது. "நீ பேசுற மாதிரியே இல்லியே. ஆரு பேசுறது?"

வெயிலில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துபோயிற்று. போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். தான் வழக்கமாக என்ன பேசுவோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒறக்கம் போதல," என்றாள் வேகமாக. "சாப்பிட்டீங்களா? பிள்ள செபம் சொல்லியாச்சா? மாத்திரை போட மறந்திராதீங்க."

ரெஜின் சிரித்தான்.

"ஆங், இப்பதான் நம்ம பெல்சி," என்றான்.